பெங்களூரில் விவாகரத்து வக்கீல்: தேடுவது, ஃபீஸ் பேசுவது, வக்காலத்தில் கையெழுத்துப் போடும் முன் கேட்பது

ஜெயநகர்_பெஞ்ச்

விவாகரத்து வக்கீல் பற்றிய கேள்விகள் இங்கே பத்து இழைகளில் சிதறிக் கிடக்கின்றன. "நல்ல வக்கீல் நம்பர் இருந்தா குடுங்க" என்று ஒருவர் கேட்பார், நாலு பேர் நாலு நம்பர் கொடுப்பார்கள், பேச்சு அதோடு நின்றுவிடும். நம்பர் கிடைத்த பிறகு அவரிடம் என்ன கேட்பது? அது எங்கேயும் இல்லை. விஷயம் தெரிந்தவர்கள் இங்கே எழுதுங்கள். சொந்தக் கதை, வக்கீல் பெயர், நம்பர் எதுவும் வேண்டாம்.

முதல் கேள்வியை நானே வைக்கிறேன். பரஸ்பர சம்மத வழக்குக்கு ஒரு வக்கீல் 40,000 என்கிறார், இன்னொருவர் ஒன்றரை லட்சம் என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இரண்டையும் எப்படி ஒப்பிடுவது?

பழைய_குமாஸ்தா

எது அடக்கம், எது தனி என்று தெரியாமல் ஒப்பிட முடியாதுங்க. ஃபீஸுக்கு அப்புறம் வருவோம். அதற்கு முன்னால் வழக்கு எந்த ஊர் கோர்ட்டில் என்று தெரியவேண்டும். அது தெரியாமல் வக்கீல் தேடி, அட்வான்ஸும் கொடுத்துவிட்டு, பிறகு வேறு ஊருக்கு அலைபவர்கள் நிறைய.

இந்து திருமணச் சட்டம் 1955, பிரிவு 19-இன்படி மனுவை இந்த இடங்களில் போடலாம்: கல்யாணம் நடந்த ஊர், எதிர்மனுதாரர் இப்போது வசிக்கும் ஊர், இருவரும் கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த ஊர். மனைவி மனு போட்டால் அவர் இப்போது வசிக்கும் ஊரிலும் போடலாம். இந்தக் கடைசி வசதி 2003 திருத்தத்தில் வந்தது. கல்யாணம் வேலூரில், குடித்தனம் மாரத்தஹள்ளியில், மனைவி இப்போது சேலத்தில் அம்மா வீட்டில் என்றால், மனைவிக்கு மூன்று ஊருமே திறந்திருக்கிறது. கணவருக்கு சேலமும் உண்டு, ஏனென்றால் எதிர்மனுதாரர் அங்கே இருக்கிறார்.

பெங்களூர் நகரத்துக் குடும்ப நீதிமன்றங்கள் ஹெச். சித்தய்யா சாலையில் நியாய தேகுலா கட்டடத்தில் இருக்கின்றன. கெம்பேகவுடா சாலை சிட்டி சிவில் கோர்ட் வேறு. அங்கே போய் நின்றுகொண்டு போன் பண்ணாதீர்கள்.

இன்னொன்று. தமிழ்நாட்டில் விவாகரத்து மனுவை எச்.எம்.ஓ.பி. என்று கேட்டுப் பழகியிருப்பீர்கள். இங்கே அது எம்.சி. (மேட்ரிமோனியல் கேஸ்) நம்பர். வக்கீல் "எம்.சி. நம்பர் ஆகிடுச்சு" என்றால் மனு கோப்புக்கு எடுக்கப்பட்டுவிட்டது என்று அர்த்தம். "ஃபைல் பண்ணிட்டேன்" என்பது வேறு. கோர்ட் ஆபீஸ் ஆட்சேபணை போட்டுத் திருப்பியிருந்தாலும் "ஃபைல் பண்ணிட்டேன்" என்பது பொய்யாகாது.

ஓசூர்_முதல்பஸ்

வேலை எலக்ட்ரானிக் சிட்டியில், வீடு ஓசூரில் என்று இருப்பவர்களுக்கு: சேர்ந்து வாழ்ந்தது ஓசூர் வீட்டில் என்றால் அது தமிழ்நாட்டு நீதிமன்ற எல்லை. ஆபீஸ் பெங்களூர் என்பது கணக்கில் வராது. பெங்களூரில் மனு போட வேறு காரணம் வேண்டும், அதாவது கல்யாணம் இங்கே நடந்திருக்கவேண்டும், அல்லது எதிர்த்தரப்பு இங்கே வசிக்கவேண்டும், அல்லது மனு போடும் மனைவி இங்கே வசிக்கவேண்டும்.

கணவர் இங்கே, மனைவி அங்கே என்று ஆளுக்கொரு மனு போட்டுவிட்டால், ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்கு வழக்கை மாற்ற உச்ச நீதிமன்றத்துக்குத்தான் போகவேண்டும். அதற்கு டெல்லியில் தனி வக்கீல், தனி ஃபீஸ். மனைவியின் வசதியைப் பார்த்து மாற்றும் வழக்கம் உண்டு என்பதால், "நம்ம ஊர்ல போட்டா அவங்க வந்துதான் ஆகணும்" என்று திட்டம் போட்டு மனு போடுவது பல நேரம் வீண் செலவு.

அல்சூர்_ஏரிக்கரை

தேடுவது பற்றி.

"டாப் 10 விவாகரத்து வக்கீல்கள்" என்று வரும் இணையப் பட்டியல்களை ஒதுக்கிவிடுங்கள். வழக்கறிஞர்கள் விளம்பரம் செய்யக்கூடாது என்பது பார் கவுன்சில் விதி 36. தங்கள் வலைத்தளத்தில் பெயர், முகவரி, பதிவு எண், எந்தத் துறை என்ற அளவுக்குப் போட்டுக்கொள்ள 2008-இல் அனுமதி வந்தது. அதைத் தாண்டி ஸ்டார் ரேட்டிங், "உத்தரவாதமான வெற்றி" எல்லாம் விதிமீறல். இப்படி இணையதளங்கள் வழியாக வக்கீல் வேலை பிடிப்பதைக் கண்டித்து சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் தீர்ப்பே கொடுத்தது. கோர்ட் வாசலில் "டைவர்ஸா சார், ரெண்டு மாசத்துல முடிச்சிரலாம்" என்று கூடவே நடந்து வருபவர் தரகர். அவருக்குப் போகும் கமிஷன் உங்கள் ஃபீஸில்தான் இருக்கும்.

பிறகு எப்படி? சிவில், சொத்து, கம்பெனி என்று எந்த வேலை பார்க்கும் வக்கீலாவது உங்களுக்குத் தெரிந்தவராக இருப்பார். அவரிடம் "நீங்க எடுத்துக்கோங்க" என்று கேட்காமல், "குடும்ப நீதிமன்றத்தில் தினமும் நிற்கிற ரெண்டு மூணு பேர் சொல்லுங்க" என்று கேளுங்கள். அந்தப் பெயர்களை நீதிமன்றங்களின் இ-கோர்ட்ஸ் தளத்தில் சரிபாருங்கள். வழக்கு நிலை பகுதியில் வழக்கறிஞர் பெயரை வைத்துத் தேட ஒரு வழி இருக்கிறது. கர்நாடகம், பெங்களூர், நீதிமன்ற வளாகம் தேர்ந்தெடுத்துப் பெயரைப் போட்டால் அவர் ஆஜராகும் வழக்குகள் வரும். அதில் எம்.சி. எத்தனை, முடிந்தவை எத்தனை, எந்த வருடத்து வழக்குகள் இன்னும் ஓடுகின்றன என்று பாருங்கள். ஒரே பெயரில் பல வக்கீல்கள் இருப்பார்கள், ஆகவே பதிவு எண்ணைக் கேட்டு வாங்குங்கள். கர்நாடகப் பதிவு என்றால் கே.ஏ.ஆர்., ஒரு எண், ஒரு வருடம் என்று இருக்கும். கேட்டதும் முகம் சுளிப்பவரிடம் அப்புறம் ரசீது எப்படிக் கேட்பீர்கள்?

எல்லாமே ரொம்ப நாள் இழுக்கிற வழக்காக இருந்தால் உடனே தப்பாக நினைக்கவேண்டாம். எதிர்த்து நடக்கும் வழக்குகள் அப்படித்தான் போகும். ஆனால் எம்.சி.யே இல்லாமல் முழுக்கச் செக் பவுன்ஸ் வழக்காக இருந்தால் அவர் உங்களுக்கான ஆள் இல்லை.

சிவாஜிநகர்_தமிழ்

தமிழ் பேசும் வக்கீல்தான் வேண்டும் என்று நிறையப் பேர் பிடிவாதமாக இருக்கிறார்கள். தேவையா?

அல்சூர்_ஏரிக்கரை

உங்களுக்குத் தமிழில் விளக்கிச் சொன்னால் நல்லதுதான். ஆனால் ஜட்ஜிடம் அவர் கன்னடத்திலும் இங்கிலீஷிலும்தான் பேசப்போகிறார். கன்னடம் தடுமாறுகிற தமிழ் வக்கீலைவிட, கன்னடத்தில் சரளமாக நின்று பேசுகிறவரும், தமிழ் தெரிந்த ஜூனியர் ஒருவரும் இருக்கும் ஆபீஸ் மேல்.

பழைய_குமாஸ்தா

இதில் கொஞ்சம் மாறுபடுகிறேன். ஆவணம் எல்லாம் தமிழில் இருக்கும் வழக்கில் வக்கீலுக்கே தமிழ் படிக்கத் தெரிவது பெரிய லாபம். கல்யாணப் பத்திரிகை, சீர் வரிசைப் பட்டியல், கடிதங்கள், வாட்ஸாப் அரட்டை, போன் ரெக்கார்டிங், எல்லாம் தமிழ். கோர்ட்டில் கொடுக்க இவற்றுக்கு மொழிபெயர்ப்பு வேண்டும். வக்கீலுக்குத் தமிழ் தெரியாவிட்டால், 400 பக்க அரட்டையில் எது முக்கியம் என்று அவரால் பிரிக்க முடியாது. 400 பக்கத்தையும் மொழிபெயர்க்கச் சொல்லுவார். பக்கத்துக்கு இவ்வளவு என்று காசு உங்களுடையது. தெரிந்தவர் 12 பக்கம் எடுத்துக் கொடுப்பார். அந்தப் பன்னிரண்டும் சரியாக மொழிபெயர்க்கப்பட்டதா என்றும் பார்ப்பார். "போடி" என்ற ஒரு சொல் மொழிபெயர்ப்பில் செல்லமாகவும் போகும், திட்டாகவும் போகும்.

சாட்சி சொல்லப்போகும் அம்மா அப்பாவுக்குத் தமிழ் மட்டுமே தெரியும் என்றால், சாட்சியம் எப்படிப் பதிவாகும், மொழிபெயர்ப்பாளருக்கு முன்கூட்டியே மனு கொடுக்கவேண்டுமா என்பதை வக்கீலை அமர்த்தும்போதே கேளுங்கள். குறுக்கு விசாரணை நாளன்று கேட்டால் அன்றைக்கு வாய்தாதான்.

போன் ஆதாரம் பற்றி இரண்டு வரி. 2024 ஜூலை 1 முதல் பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி சான்றிதழ் போய், பாரதிய சாட்சிய அதிநியமத்தின் பிரிவு 63 சான்றிதழ் வந்துவிட்டது. அதில் ஆதாரம் கொடுப்பவர் ஒரு பகுதி, நிபுணர் ஒரு பகுதி நிரப்பவேண்டும், ஹாஷ் மதிப்பும் (கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் எண்) குறிக்கவேண்டும். இதற்கு ஆகும் செலவு யாருடையது என்று பேசுங்கள். பழைய போனை விற்றுவிடாதீர்கள். தம்பதிக்குள் ரகசியமாகப் பதிவு செய்த பேச்சை விவாகரத்து வழக்கில் ஆதாரமாக எடுக்கலாம் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதற்காக எல்லா ரெக்கார்டிங்கும் உதவும் என்று அர்த்தமில்லை, உங்கள் குரலும் அதில் இருக்கும்.

கணக்குப்பிள்ளை

இனி பணம். இந்த இழைக்கு நான் வந்ததே இதற்குத்தான்.

வக்கீல்கள் ஃபீஸ் சொல்வது மூன்று விதம். மொத்தமாக, வாய்தாவுக்கு இவ்வளவு, கட்டத்துக்கு இவ்வளவு. கீழே வரும் தொகைகள் கணக்குப் புரிவதற்காக மட்டும். சந்தை நிலவரம் என்று யாரிடமும் காட்டாதீர்கள்.

வாய்தா கணக்கு கேட்க மலிவாக இருக்கும். 3,000 தான். எதிர்த்து நடக்கும் வழக்கு 30 வாய்தா போனால் 90,000. அந்த முப்பதில் ஜட்ஜ் லீவு, எதிர் வக்கீல் நேரம் கேட்டது, நோட்டீஸ் சார்வு ஆகாதது (எதிர்த்தரப்பு கைக்குப் போய்ச் சேராதது) என்று பாதி நாள் ஒன்றுமே நடந்திருக்காது. வாய்தா கணக்கில் போகிறவர்கள் கேட்கவேண்டியது: "வேலை நடந்த நாளுக்கு மட்டுமா, பெயர் கூப்பிட்ட நாளுக்கெல்லாமா?" ஜூனியரை அனுப்பி வாய்தா வாங்கிய நாளுக்கு முழு ஃபீஸா, பாதியா?

மொத்தத் தொகையில் வேறு சிக்கல். 1,50,000 பேசி ஒரு லட்சத்தை முதல் நாளே வாங்கிக்கொண்டால், அதன் பிறகு ஒவ்வொரு வாய்தாவும் அவருக்குச் செலவு. போன் எடுக்கும் வேகம் குறையும். வக்கீல் கெட்டவர் என்பதல்ல, கணக்கு அப்படி அமைந்திருக்கிறது. இன்னொரு பக்கம், பெங்களூரில் எதிர்த்துப் போட்ட மனுக்கள் பல மத்தியஸ்தத்துக்குப் போய்ப் பரஸ்பர சம்மதமாக மாறி முடிகின்றன. நாலாம் மாதம் சமாதானமாகிவிட்டால் முழு 1,50,000-மும் உண்டா? இதை யாரும் முதலில் கேட்பதில்லை. கடைசியில் இதில்தான் சண்டை வரும்.

எதிர்த்து நடக்கும் வழக்குக்குக் கட்டக் கணக்கே நல்லது. அதே 1,50,000-ஐ இப்படிப் பிரிக்கலாம்: எம்.சி. நம்பர் ஆனதும் 30,000. எதிர்த்தரப்பு ஆட்சேபணை வந்து, இடைக்கால மனுக்கள் முடிந்ததும் 30,000. இரண்டு பக்கச் சாட்சியமும் குறுக்கு விசாரணையும் முடிந்ததும் 50,000. வாதம் முடிந்து தீர்ப்பின் சான்றிட்ட நகல் கையில் வந்ததும் 40,000. எந்தக் கட்டத்தில் சமாதானம் ஆகிறதோ அதுவரைக்கும்தான் கணக்கு, கூடவே சமாதான ஒப்பந்தம் எழுத ஒரு சிறு தொகை.

பரஸ்பர சம்மதத்துக்குக் கட்டம் குறைவு, மொத்தத் தொகையே போதும். நம்பர் ஆனதும் பாதி, தீர்ப்பு நாளில் மீதி, நகல் வரும் வரை கொஞ்சம் நிறுத்தி வையுங்கள். நகல் வாங்கித் தரும் வேலையைத்தான் எல்லோரும் மறப்பார்கள்.

பழைய_குமாஸ்தா

ஃபீஸில் சேராத செலவுகளையும் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் அந்த 40,000-மும் ஒன்றரை லட்சமும் புரியும். நோட்டரி, டைப்பிங், ஜெராக்ஸ், நோட்டீஸ் அனுப்பும் செலவு, மொழிபெயர்ப்பு, ஒப்பந்தத்துக்கு இ-ஸ்டாம்ப், சான்றிட்ட நகல். எதிர்த்தரப்பு நோட்டீஸ் வாங்காமல் ஒளிந்தால் பத்திரிகை விளம்பரம். இதுதான் இருப்பதில் பெரிய அடி. எந்தப் பத்திரிகை என்பதைப் பொறுத்துத் தொகை மாறும்.

விவாகரத்து மனுவுக்குக் கோர்ட் ஃபீஸ் சிறிய, நிலையான தொகை. ஜீவனாம்சம் எவ்வளவு கேட்டாலும் அது ஏறாது. சொத்தில் பங்கு கேட்டு வழக்கு சேர்த்தால் மதிப்பைப் பொறுத்து ஏறும், அது வேறு. ஆகவே வெறும் விவாகரத்துக்குக் "கோர்ட் ஃபீஸ் 15,000" என்று யாராவது சொன்னால் ரசீதைக் காட்டச் சொல்லுங்கள். "உள்ளே பார்த்துக்கணும்" என்று கேட்கும் காசுக்கு ரசீது கிடையாது, ஆகவே அதைக் கொடுக்கவும் கூடாது.

கணக்குப்பிள்ளை

நன்றி குமாஸ்தா சார். மேலும் இரண்டு.

ஜி.எஸ்.டி. தனிநபர் தன் குடும்ப வழக்குக்கு வக்கீலுக்குக் கொடுக்கும் ஃபீஸுக்கு ஜி.எஸ்.டி. விலக்கு உண்டு. தொழில் நிறுவனம் அல்லாதவருக்குக் கொடுக்கும் சட்ட சேவைக்கு வரி இல்லை, கொடுப்பவர் தனி வக்கீலாக இருந்தாலும் வக்கீல் நிறுவனமாக இருந்தாலும். பில்லில் 18 சதவீதம் சேர்த்திருந்தால் கேளுங்கள்.

"ஜீவனாம்சத்தில் 10 சதவீதம் எனக்கு" என்பது சட்டவிரோதப் பேச்சு. வழக்கின் முடிவைப் பொறுத்து ஃபீஸ் வைக்கக்கூடாது என்பது பார் கவுன்சில் விதி 20. 2017-இல் உச்ச நீதிமன்றமும் சதவீத ஃபீஸ் செல்லாது என்று உறுதியாகச் சொன்னது. ஆரம்பத்தில் ஃபீஸே வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கடைசியில் பங்கு கேட்பவர், வர இருந்த நல்ல சமாதானத்தையும் "இன்னும் கொஞ்சம் கேட்கலாம்" என்று தள்ளுவார்.

பணத்தை யு.பி.ஐ. அல்லது வங்கி வழியாகவே அனுப்புங்கள். குறிப்பில் "ஃபீஸ், 2ஆம் கட்டம்", "பத்திரிகை விளம்பரச் செலவு" என்று பிரித்து எழுதுங்கள். இரண்டையும் சேர்த்து ஒரே தொகையாக அனுப்பினால் பிறகு உங்களாலேயே பிரிக்க முடியாது. பேசிய விஷயத்தை ஒரு பக்கத்தில் எழுதி இருவரும் கையெழுத்திட்டால் நல்லது. வக்கீல் தயங்கினால், "இன்று நாம் பேசியபடி" என்று தொடங்கி ஒரு மின்னஞ்சல் அனுப்பி, "சரி" என்று ஒரு பதில் வாங்கினாலும் போதும்.

காக்ஸ்டவுன்_மணி

பரஸ்பர சம்மதத்துக்கு ஒரே வக்கீல் இருவருக்கும் போதாதா? பாதிச் செலவு மிச்சம்.

மத்தியஸ்தம்_2ஆம்மாடி

ஒரே வக்கீல் கூட்டு மனு போடுவது நடக்கிறதுதான். பணம், குழந்தை, நகை மூன்றிலும் நிஜமாகவே ஒத்துப்போய்விட்ட தம்பதிக்கு அது போதும். ஆனால் நடுவில் முறிந்தால் அந்த வக்கீல் உங்கள் இருவரில் யாருக்கும் நிற்க முடியாது. ஒரு தரப்புக்கு ஆலோசனை சொன்னவர் எதிர்த்தரப்புக்கு ஆஜராகக்கூடாது என்பது விதி. கூட்டு மனுவில் கையெழுத்திட்ட பிறகும், தீர்ப்புக்கு முன் ஒருவர் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். உச்ச நீதிமன்றம் இதை 1991-லேயே சொல்லிவிட்டது. குறைந்தபட்சம் ஒப்பந்தத்தையாவது இன்னொரு வக்கீலிடம் ஒரு மணி நேர ஆலோசனை ஃபீஸ் கொடுத்துக் காட்டிவிடுங்கள்.

ஒப்பந்தத்தில் கோட்டை விடும் இடங்கள் எனக்குத் தெரிந்தவரை இவை. மொத்த ஜீவனாம்சத்தையும் முதல் நாளே கொடுப்பது, அல்லது ஒன்றுமே வாங்காமல் தீர்ப்பு நாள் வரை காத்திருப்பது. பாதி டி.டி. மனு போடும்போதும், மீதி டி.டி. இறுதி வாக்குமூல நாளில் ஜட்ஜ் முன்னாலும் என்று எழுதுவதே பாதுகாப்பு. இன்னொன்று கிரிமினல் வழக்கு. 498ஏ (கணவர் வீட்டுக் கொடுமை வழக்கு), இப்போது பி.என்.எஸ். 85, ஏற்கெனவே போட்டிருந்தால் "மனைவி வாபஸ் வாங்கிக்கொள்வார்" என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதியதோடு அது தீராது. உயர் நீதிமன்றத்தில் ரத்து மனு போடவேண்டும், முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டம் 482, இப்போது பி.என்.எஸ்.எஸ். 528. அந்த மனு யார் செலவில், மனைவி எந்தக் கட்டத்தில் ஒப்புதல் பிரமாணப் பத்திரம் கொடுப்பார், உங்கள் வக்கீலின் ஃபீஸில் அது அடக்கமா? பெரும்பாலும் அடக்கமில்லை. 40,000 சொன்னவருக்கும் ஒன்றரை லட்சம் சொன்னவருக்கும் நடுவில் இருக்கும் வித்தியாசம் பல நேரம் இந்த ஒரு மனுதான்.

நகைப் பட்டியலைக் கிராமோடு எழுதுங்கள். "எல்லா நகையும் திருப்பிக் கொடுக்கப்பட்டது" என்ற வரியால் வந்த தகராறுகளுக்குக் கணக்கில்லை. குழந்தையைப் பார்க்கும் நாட்களைக் கிழமை, நேரம், பள்ளி விடுமுறை, பொங்கல், தீபாவளி என்று பெயர் சொல்லி எழுதுங்கள். "இருவரும் பேசிக்கொண்டபடி" என்று எழுதினால், பேச்சு நின்ற அன்றே அந்த ஷரத்தும் நின்றுவிடும்.

சிவாஜிநகர்_தமிழ்

டெல்லி வக்கீல்களின் வீடியோக்களில் முதல் மோஷன், இரண்டாம் மோஷன் என்று தனித்தனி ஃபீஸ் சொல்கிறார்களே, இங்கேயும் அப்படியா?

பழைய_குமாஸ்தா

டெல்லியில் இரண்டு மனுவாகப் போடுவார்கள். இங்கே ஒரே மனு, ஒரே எம்.சி. நம்பர். 6 மாதம் கழித்து அதே கோப்பில் வாக்குமூலம் வாங்கித் தீர்ப்பு. அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு இங்கே "செகண்ட் மோஷன் ஃபீஸ்" என்று கேட்டால், வக்கீல் மறுக்கமாட்டார், வாங்கிக்கொள்வார்.

அந்த 6 மாதம் பற்றியும் ஒரு தப்பான நம்பிக்கை உண்டு. மனு போட்ட நாளிலிருந்து குறைந்தது 6 மாதம், அதிகபட்சம் 18 மாதத்துக்குள் இருவரும் மறுபடி வந்து சம்மதம் சொல்லவேண்டும் என்பது இந்து திருமணச் சட்டம் 13பி. 2017-இல் அமர்தீப் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த 6 மாதத்தைக் குடும்ப நீதிமன்றமே தள்ளுபடி செய்யலாம் என்றது. ஆனால் அதற்கு நிபந்தனைகள் இருக்கின்றன. மனு போடும் முன்பே ஒரு வருடப் பிரிவோடு கூடுதலாக 6 மாதமும், ஆக 18 மாதம், கழிந்திருக்கவேண்டும். சேர்த்துவைக்கும் முயற்சி தோற்றிருக்கவேண்டும். பணம், குழந்தை எல்லாம் தீர்ந்திருக்கவேண்டும். காத்திருப்பது வேதனையை நீட்டிப்பதைத் தவிர வேறு பயன் தராது என்று ஜட்ஜுக்குத் தோன்றவேண்டும். மனு போட்ட ஒரு வாரத்துக்குப் பிறகு தள்ளுபடி விண்ணப்பம் கொடுக்கலாம். 13 மாதம் பிரிந்திருப்பவரிடம் "ஒரு மாசத்துல முடிச்சுத் தரேன், எக்ஸ்ட்ரா 25,000" என்று யாராவது சொன்னால், அவர் எதை விற்கிறார் என்று யோசியுங்கள். கல்யாணமாகி ஒரு வருடமே ஆகாதவர்கள் பொதுவாக மனுவே போட முடியாது, மிகக் கடுமையான சூழல் என்று கோர்ட் அனுமதித்தால் ஒழிய.

காக்ஸ்டவுன்_மணி

கிறிஸ்தவர்களுக்கு அந்த 13பி பொருந்தாது. சர்ச்சில் நடந்த கல்யாணத்துக்கு விவாகரத்துச் சட்டம் 1869. பரஸ்பர சம்மதத்துக்கு 10ஏ. அதன் எழுத்தில் 2 வருடப் பிரிவு என்று இருக்கும். கர்நாடக உயர் நீதிமன்றம் 2014-இல் அதை ஒரு வருடமாகப் படிக்கவேண்டும் என்று சொல்லிவிட்டது. "ரெண்டு வருஷம் ஆகட்டும், அப்புறம் வாங்க" என்று திருப்பி அனுப்பும் வக்கீல் இதைப் படிக்கவில்லை. பதிவு அலுவலகத்தில் சிறப்புத் திருமணச் சட்டப்படி கல்யாணம் செய்தவர்களுக்குப் பிரிவு 28. மனுவில் தப்பான சட்டத்தைப் போட்டுவிட்டுப் பிறகு திருத்த மனு போடும் வேடிக்கையும் நடக்கிறது. திருத்த மனுவுக்குத் தனி ஃபீஸ் கேட்டால் கொடுக்காதீர்கள், தப்பு அவருடையது.

ஓசூர்_முதல்பஸ்

ஒருவர் வெளிநாட்டில் இருந்தால்? பெற்றோருக்குப் பவர் கொடுத்துவிட்டால் போதும் என்கிறார்கள்.

மத்தியஸ்தம்_2ஆம்மாடி

பவர் பத்திரத்தை அந்த நாட்டில் நோட்டரி செய்து அப்போஸ்டில் (உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகள் ஏற்கும் சான்று முத்திரை) வாங்கி, அந்த நாடு அந்த உடன்படிக்கையில் இல்லை என்றால் நம் தூதரகத்தில் சான்று வாங்கி அனுப்பவேண்டும். இங்கே வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டவேண்டும். இது தவறிப்போய் மறுபடி கூரியர் செலவு செய்பவர்கள் அதிகம். சம்மதம் நிஜமானதா என்று ஜட்ஜ் நேரிலோ வீடியோவிலோ கேட்க விரும்புவார். ஆகவே "வரவே வேண்டாம்" என்று வாக்குக் கொடுக்கும் வக்கீலிடம், "வீடியோவுக்கு மனு போட ஃபீஸில் அடக்கமா?" என்று கேளுங்கள்.

உள்ளூரில் இருப்பவர்களுக்கும் சொல்கிறேன். குடும்ப நீதிமன்றம் சமரசத்துக்கு முயலவேண்டும் என்பது 1984 சட்டத்தின் பிரிவு 9. மத்தியஸ்த நாளுக்கு நீங்களே வரவேண்டும், வக்கீல் மட்டும் வந்தால் செல்லாது. நீதிமன்றம் அனுப்பும் மத்தியஸ்தம் இலவசம். 2007-இல் தொடங்கிய பெங்களூர் மத்தியஸ்த மையமும் நியாய தேகுலாவில்தான். "மீடியேஷன் ஃபீஸ்" என்று யாராவது கேட்டால், அது அவர் கூட வந்து உட்காருவதற்கான ஃபீஸ்.

அல்சூர்_ஏரிக்கரை

பணம் இல்லாதவர்கள் பற்றி இன்னும் யாரும் எழுதவில்லை.

பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச சட்ட உதவி உரிமை உண்டு. சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் 1987, பிரிவு 12. பட்டியல் சாதி, பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளுக்கும் அப்படியே. மற்ற ஆண்களில் பெரும்பாலானோருக்கு வருமான வரம்பு இருக்கிறது. சட்ட உதவி எண் 15100-ஐ அழைக்கலாம். கர்நாடக மாநிலச் சட்டப் பணிகள் ஆணையமும் நியாய தேகுலாவில்தான். ஆணையம் நியமித்த வக்கீல் உங்களிடம் தனியாகப் பணம் கேட்டால் அங்கேயே புகார் கொடுங்கள், வேறு வக்கீல் போடுவார்கள். இலவச வக்கீல் என்றால் மட்டம் என்ற பேச்சை அப்படியே ஏற்காதீர்கள். எல்லா இடத்தையும் போல நல்லவரும் உண்டு, சுமாரும் உண்டு, எம்.சி. எண்ணிக்கை பார்க்கும் அதே வழியில் அவரையும் பாருங்கள்.

தனி வக்கீல்தான் வேண்டும், கையில் காசு இல்லை என்றால் இந்து திருமணச் சட்டப் பிரிவு 24. இடைக்கால ஜீவனாம்சத்தோடு வழக்குச் செலவையும் எதிர்த்தரப்பிடம் கேட்கலாம். கணவர், மனைவி யார் வேண்டுமானாலும். நோட்டீஸ் சார்வான நாளிலிருந்து முடிந்தவரை 60 நாளுக்குள் முடிக்கவேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. நடைமுறையில் இழுக்கக் காரணம் பெரும்பாலும் சொத்து, கடன் பிரமாணப் பத்திரம். 2020-இல் ரஜ்னேஷ் எதிர் நேஹா தீர்ப்புக்குப் பிறகு இருதரப்பும் அதைக் கொடுத்தே ஆகவேண்டும். சம்பளச் சீட்டு, வருமான வரிக் கணக்கு, வங்கி அறிக்கை, கடன் விவரம் இல்லாமல் வக்கீல் அதை எழுத முடியாது. வக்கீலைப் பார்க்கப் போகும் முதல் நாளே இவற்றோடு போனால் இரண்டு வாய்தா மிச்சம்.

ஜெயநகர்_பெஞ்ச்

வக்கீலை நடுவில் மாற்றுவது? "என்.ஓ.சி. (தடையில்லாக் கடிதம்) தரமாட்டேன், கேஸ் கட்டும் தரமாட்டேன், மிச்ச ஃபீஸ் கொடு" என்று சொன்னால்?

பழைய_குமாஸ்தா

கேஸ் கட்டை வைத்துக்கொள்ள அவருக்கு உரிமை இல்லை. ஃபீஸ் பாக்கிக்காக வக்கீல் வழக்குக் காகிதங்களைப் பிடித்து வைக்கக்கூடாது என்று 2000-இல் உச்ச நீதிமன்றம் ஆர்.டி. சக்சேனா வழக்கில் சொல்லிவிட்டது. ஃபீஸ் பாக்கி இருந்தால் அவர் அதற்குத் தனியாக வழக்குப் போடட்டும். முதலில் மரியாதையாக ஒரு கடிதம், பதிவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும்: வக்காலத்தை முடித்துக்கொள்கிறேன், காகிதங்களையும் தடையில்லாக் கடிதத்தையும் இத்தனை நாளில் தாருங்கள் என்று. தராவிட்டால் புது வக்கீல் அந்தக் கடிதத்தை வைத்து நீதிமன்ற அனுமதி கேட்டு ஆஜராகலாம், சிவில் நடைமுறைச் சட்டம் ஆர்டர் 3 விதி 4. காகிதம் இல்லாவிட்டால் கோர்ட் கோப்பிலிருந்து சான்றிட்ட நகல் வாங்கலாம், நேரமும் காசும் ஆகும்.

இதனால்தான் முதல் நாளிலிருந்தே: அசல் எதையும் வக்கீலிடம் விட்டுவைக்காதீர்கள், கோர்ட்டில் அசல் காட்டும் நாளில் எடுத்துப்போங்கள். மனு, ஆட்சேபணை, ஒவ்வொரு இடைக்கால மனு, எல்லாவற்றின் நகலும் உங்களிடம் இருக்கவேண்டும். வெற்று வக்காலத்திலோ வெள்ளைத் தாளிலோ கையெழுத்துப் போடாதீர்கள். வக்காலத்து நாமாவில் சமாதானம் செய்துகொள்ளும் அதிகாரமும் சேர்த்து அச்சடித்திருக்கும். வேண்டாம் என்றால் அந்த வரியை அடித்துப் பக்கத்தில் இருவரும் சுருக்கொப்பம் இடலாம்.

ஒவ்வொரு வழக்குக்கும் இ-கோர்ட்ஸில் ஒரு சி.என்.ஆர். எண் உண்டு, 16 எழுத்து, எண் கொண்டது. அதை வாங்கி இ-கோர்ட்ஸ் செயலியில் போட்டுவிட்டால் அடுத்த வாய்தா தேதி உங்களுக்கே தெரியும். "என்னாச்சு சார்" என்ற போன் பாதி குறையும். வக்கீல் போகாமல் விட்டதும் தெரியும்.

கணக்குப்பிள்ளை

புகார் என்றால் நுகர்வோர் நீதிமன்றம் போகாதீர்கள். வக்கீல் சேவை நுகர்வோர் சட்டத்தில் வராது என்று 2024 மே 14 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. தொழில் ஒழுங்கு மீறல் என்றால் மாநில பார் கவுன்சில், வழக்கறிஞர் சட்டம் 1961, பிரிவு 35. ரசீது, மின்னஞ்சல், யு.பி.ஐ. குறிப்பு இல்லாமல் போனால் அங்கே உங்கள் வார்த்தைக்கு எதிராக அவர் வார்த்தை, அவ்வளவுதான்.

சிவாஜிநகர்_தமிழ்

கடைசியாக ஒன்று. தீர்ப்பு நகல் எத்தனை வாங்கி வைக்கலாம்?

பழைய_குமாஸ்தா

மூன்று சான்றிட்ட நகல். பாஸ்போர்ட், வங்கி, மறுமணப் பதிவு என்று ஆளுக்கொன்று கேட்பார்கள், சிலர் திருப்பித் தரமாட்டார்கள். தீர்ப்போடு டிக்ரியும் (தீர்ப்பின் முடிவை மட்டும் சொல்லும் ஆணை), சமாதான ஒப்பந்தம் இருந்தால் அதுவும் சேர்த்து விண்ணப்பியுங்கள். வாங்கியதும் பெயர் எழுத்துக்களைப் பாருங்கள். தமிழ் இனிஷியல் கன்னடத்துக்கும் இங்கிலீஷுக்கும் போகும்போது அப்பா பெயர் முன்னாலும் பின்னாலும் புரண்டுவிடும். ஆதாரில் ஒன்று, டிக்ரியில் ஒன்று என்றால் பாஸ்போர்ட் ஆபீஸில் நிற்கும். தப்பு இருந்தால் அதே கோர்ட்டில் திருத்த மனு, சிவில் நடைமுறைச் சட்டம் பிரிவு 152. சீக்கிரம் போட்டுவிடுங்கள், கோப்பு ரெக்கார்ட் ரூமுக்குப் போய்விட்டால் எடுக்கவே வாரங்கள் ஆகும்.